பாலிஷ் போட்ட பலகையும் திரும்பி வந்த சரக்கும்

இசைக்கருவி வியாபாரம் செய்யும் உறுப்பினர்கள் நமது சங்கத்தில் எண்ணிக்கையில் குறைவுதான். மளிகை, ஜவுளி, இரும்பு என்று பெரிய தொழில்களின் பிரச்சினைகளே இதழை நிரப்பி விடுவதால் எங்களைப் போன்றவர்கள் பேச்சு எடுபடுவதில்லை. இந்த முறை ஒரு பக்கம் கேட்டு வாங்கியிருக்கிறோம். மரச்சாமான் வியாபாரிகளும் படிக்கலாம். அவர்களுக்கும் இதில் சங்கதி உண்டு.

கிதாரின் கழுத்தின் மேல் விரல் வைத்து வாசிக்கும் நீளமான பலகை இருக்கிறதே, ஃபிரெட்போர்டு என்கிறோமே, அதற்குக் கண்ணாடி போலப் பாலிஷ் ஏற்றி விற்கும் பழக்கம் சில கடைகளில் உண்டு. இது கூடாது என்பது எங்கள் கருத்து.

ஊருக்கு உபதேசம் செய்ய வரவில்லை. செய்து பட்டதைத்தான் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடையில் பன்னிரண்டு கிதார்கள் விற்காமல் தேங்கி விட்டன. பலகை எல்லாம் ரோஸ்வுட், அதாவது ஈட்டி மரம். வறண்டு, சாம்பல் பூத்தாற்போல் நின்றன. கட்டில், பீரோ வேலை செய்யும் பாலிஷ்காரரை அழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மூன்று கை வார்னிஷ் அடிக்கச் சொன்னோம். முகம் பார்க்கலாம் போல் மின்னியது. ஒரே மாதத்தில் ஒன்பது விற்றன. சித்திரை வெயில் வந்ததும் ஐந்து திரும்பி வந்தன. விரல் ஒட்டுகிறது என்றார் ஒருவர். தந்தி பட்ட இடமெல்லாம் பொருக்குப் பொருக்காக உரிகிறது என்றார் இன்னொருவர். மகளின் பரீட்சைக்காக வாங்கிய தகப்பனார் ஒருவர் பேசவே இல்லை. கருவியை மேசை மேல் வைத்துவிட்டு ரசீதை நீட்டினார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் மறுபடி எங்கள் கடைப்படி ஏறவில்லை.

பாலிஷ்காரர் மேல் குற்றமில்லை. ஈட்டி மரத்தில் இயற்கையாகவே எண்ணெய்ச் சத்து உண்டு. வார்னிஷ் வகைகள் அதன் மேல் சரியாகக் காய்வதில்லை, பிடிப்பதுமில்லை. மரத்தின் துவாரங்களும் திறந்தவை. பட்டி பார்க்காமல் அடித்தால் குழி குழியாகத் தெரியும். வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயர நிற்பதால் விரல் மரத்தைத் தொடுவதே இல்லை. கிதாரில் பலகையிலேயே காடி வெட்டி ஃபிரெட் கம்பியை அடித்து இறக்குகிறார்கள். விரல் நுனி மரத்தில் உராயும். பூச்சு ஃபிரெட் ஓரத்தில் சேர்ந்து கெட்டிப்படும். பின்னால் தேய்ந்த ஃபிரெட்டைப் பிடுங்கினால் அதுவும் சில்லுச் சில்லாகப் பெயரும். (இந்தக் கம்பிக்கு நிக்கல் சில்வர் என்று பெயர். செம்பு, நிக்கல், துத்தநாகம்தான்; வெள்ளி குன்றிமணி கூடக் கிடையாது. நம் தொழிலில் பெயர்களே இப்படித்தான்.)

அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி அடிக்கவில்லையா என்று கேட்பார்கள். அடித்தது, அடிக்கிறது. 1950-ல் வந்த அவர்களது கிதாரில் கழுத்தும் பலகையும் ஒரே மேப்பிள் மரம். வெளிர் நிறமான அந்த மரத்தில் வியர்வையும் அழுக்கும் ஏறினால் கறை போகாது. லேக்கர் அங்கே காப்புக்காக. அதுவும் வாசிக்க வாசிக்கத் தேய்ந்து மரம் கறுக்கத்தான் செய்யும். ரிக்கன்பேக்கர் கம்பெனி நிறமுள்ள மரப் பலகைக்கும் பளபளப்புப் பூச்சு கொடுத்திருக்கிறது. தொழிற்சாலையில் முறைப்படி செய்து வருவது வேறு. கடைக் கொல்லையில் பிரஷ் வைத்து அடிப்பது வேறு.

இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. 2017-ல் ஈட்டி இன மரங்கள் முழுவதும் சைட்டிஸ் என்னும் சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வந்தன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 இறுதியில்தான் விலக்குக் கிடைத்தது. இடையில் பல கம்பெனிகள் வேறு மரங்களுக்கு மாறின. அதில் தவறில்லை. வெளிர் மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி, ரேகை தெரியாமல் பளபளப்பும் ஏற்றி, கருங்காலி என்று பில் போடுவதுதான் தவறு. கருங்காலி மாலை வியாபாரத்தைப் பார்த்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொருளின் தரத்தைப் பொய்யாகச் சொல்வது முறையற்ற வணிகம். வழக்கு வந்தால் செய்து அனுப்பியவரை விட, பில் போட்ட நாம்தான் முதலில் கையில் கிடைப்போம்.

"மின்னாவிட்டால் வாடிக்கையாளர் திரும்பியே பார்ப்பதில்லை" என்கிறார் பக்கத்துக் கடை நண்பர். உண்மைதான். கிதாரின் உடம்பு எவ்வளவு வேண்டுமானாலும் மின்னட்டும். பூச்சில்லாத ஈட்டிப் பலகைக்குத் தந்திகளைக் கழற்றி, ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்ததும் மினரல் ஆயில் சில துளி தடவி, மிச்சத்தை ஒற்றி எடுத்தால் கறுகறுவென்று ஆகிவிடும். வருடத்துக்கு இரண்டு முறை போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், காறிப் போகும். லேக்கர் அடித்த மேப்பிளுக்கு எந்த எண்ணெயும் தேவையில்லை. மீதி மூன்று கிதார்களையும் சுரண்டி எடுத்து இப்படித்தான் விற்றோம். சுரண்டிய கூலி எங்கள் கணக்கில்.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு கோரிக்கை. பெட்டியின் மேல் மாடல் எண் போடுவது போல, பலகை என்ன மரம், சாயம் உண்டா, பூச்சு உண்டா என்பதையும் அச்சிட்டு அனுப்புங்கள். இப்போது கேட்டால் "பிளாக்வுட்" என்று ஒரே சொல்லில் முடித்து விடுகிறீர்கள். அடுத்த செயற்குழுவில் இதைப் பேச வேண்டுமென்று தலைவர் அவர்களிடம் கடிதம் கொடுத்திருக்கிறோம்.