ஏற்றுமதித் தொகையும் குடியானவர் பங்கும்

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் 2024-25-ஆம் வருஷத்தில் சுமார் 40,000 கோடி ரூபாய் பெறுமான சரக்கை அந்நிய நாடுகளுக்கு அனுப்பியுள்ளது. 1925-ஆம் வருஷ வாக்கில் உள்ளூர்த் தேவைக்கு பனியன் பின்னத் தொடங்கிய ஊர், 1970-களின் இறுதியில் இத்தாலிய வியாபாரிகளின் வரவால் வெளிநாட்டுச் சந்தையை அறிந்து, இந்நிலையை அடைந்திருப்பது போற்றத்தக்கதே. எனினும் மகசூல் எவ்வளவு என்று கேட்ட குடியானவன், செலவு போக மிச்சம் எவ்வளவு என்றும் கேட்பதே முறை. மேற்படி தொகையில் நம் நாட்டில் தங்குவது எவ்வளவு? பருத்தி விளைவித்தவருக்குச் சேருவது எவ்வளவு? நிலத்துக்கும் நீருக்கும் நேர்ந்த நஷ்டம் எந்தக் கணக்கில் பற்றெழுதப்பட்டது?

ஒரு சட்டைக்கு வேண்டிய பருத்தி 50 ரூபாய்க்கும், அதிலிருந்து நூற்ற நூல் 90 ரூபாய்க்கும், பின்னிய துணி 120 ரூபாய்க்கும், சாயமிட்ட துணி 160 ரூபாய்க்கும், தைத்த சட்டை 300 ரூபாய்க்கும் விற்றன என்று உதாரணமாக வைத்துக்கொள்வோம். எல்லாப் பட்டியல்களையும் கூட்டினால் 720 ரூபாய் வரும். ஆனால் உண்டான பொருளின் மதிப்பு 300 ரூபாயே. ஏனெனில் பருத்தியின் கிரயம் ஒவ்வொரு பட்டியலிலும் மீண்டும் மீண்டும் எண்ணப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் விற்ற விலையிலிருந்து வாங்கிய சரக்கின் விலையைக் கழித்தால் 50, 40, 30, 40, 140 என்று வரும். இதுவே அந்தந்தப் படியில் கூடிய மதிப்பு. இதிலும் அந்நிய நாட்டிலிருந்து வந்த சாயம், பொத்தான், பஞ்சு முதலியவற்றின் கிரயத்தைத் தள்ளினால்தான் நம் நாட்டில் தங்கியது இன்னதெனத் தெரியும்.

இம்முறையைப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி ஸ்தாபனமும் உலக வர்த்தக ஸ்தாபனமும் சேர்ந்து 2013-ஆம் வருஷம் ஜனவரியில் நாடுகளின் வர்த்தகக் கணக்குக்குப் பயன்படுத்தி வெளியிட்டன. இதன் அவசியத்தைச் சீனாவின் அனுபவம் விளக்கும். 2009-ஆம் வருஷத்தில் ஐபோன் ஒன்றின் உற்பத்திச் செலவு சுமார் 179 டாலர். அதில் சீனத்தில் பாகங்களைப் பூட்டிய வேலைக்குச் சேர்ந்தது ஆறரை டாலர் மாத்திரமே என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். சுங்கக் கணக்கிலோ முழுத்தொகையும் சீனத்தின் ஏற்றுமதியாகவே பதிவாயிற்று. கடைசித் தையல் விழுந்த ஊரிலேயே பணம் முழுவதும் தங்கிவிடுவதில்லை.

இனி நம் பங்கைப் பார்ப்போம். 150 கிராம் எடையுள்ள சட்டைக்கு, நூற்பிலும் வெட்டிலும் போகும் கழிவையும் சேர்த்து 200 கிராமுக்கு மேல் பஞ்சு வேண்டும். விதையோடு கூடிய பருத்தியில் பஞ்சு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே ஆதலின், களத்துப் பருத்தி 600 கிராமுக்கு மேல் வேண்டும். 2025-26-ஆம் பருவத்துக்கு நீண்ட இழைப் பருத்திக்குச் சர்க்கார் விதித்த குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 8,110 ரூபாய். அவ்விலைப்படி, கொட்டையின் கிரயமும் உட்பட, ஒரு சட்டைக்குக் குடியானவர் பெறுவது சுமார் 50 ரூபாய். உழவு, உரம், மருந்து, களையெடுப்பு, பறிப்புக் கூலி யாவும் இதிலேயே அடங்க வேண்டும். அந்நிய நாட்டுக் கடையில் அச்சட்டை பத்து டாலருக்கு விற்குமாயின், இந்த 50 ரூபாய் அவ்விலையில் பதினாறில் ஒரு பங்குக்கும் குறைவு.

பங்கு சிறிதென்பது ஒரு குறை. நஷ்டம் கணக்கிலேயே ஏறாதிருந்தது அதனினும் பெரிய குறை. நொய்யலாற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ஆம் வருஷத்தில் முடிவடைந்தது. ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் சுமார் 20,000 ஏக்கருக்குப் பாசனம் தருவதே அதன் நோக்கம். சாயக்கழிவின் உப்பு அணையில் தேங்கவே, அந்நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று ஆயக்கட்டுதாரர்களே கேட்கும் நிலை வந்தது. கிணறுகளும் உவர்த்தன. நீர்ப்பாசனத்துக்குக் கட்டிய அணையைக் கண்டு பாசனக்காரர் அஞ்சிய விபரீதம் எந்த ஏற்றுமதிப் பட்டியலிலும் காணப்படவில்லை. அந்நாளில் துணி மலிவாகக் கிடைத்ததென்றால், அம்மலிவின் ஒரு பகுதியை நொய்யல் விவசாயி தன் நிலத்தால் செலுத்தினான் என்பதே உண்மை.

ஆயக்கட்டுதாரர் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006-ஆம் வருஷம் டிசம்பரில் அளித்த தீர்ப்பை, 2009-ஆம் வருஷம் அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு உறுதிசெய்தது. பின்னரும் கழிவு நில்லாமையால், 2011-ஆம் வருஷம் ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவாயிற்று. அதன்பிறகே, கழிவுநீரை வெளிவிடாமல் சுத்திகரித்துத் திரும்ப உபயோகிக்கும் முறை வேரூன்றியது. அதற்காகும் செலவு இப்பொழுது துணியின் விலையில் ஏறுகிறது. அதுவே நியாயமான கணக்கு. அச்செலவை வாங்கும் நாட்டு வியாபாரியும் பகிர்ந்துகொள்ள வேண்டுமேயன்றி, விலையைக் குறைத்துக் குறைத்துக் கேட்டு மீண்டும் ஆற்றின் தலையில் சுமத்தலாகாது.

இத்தொழிலால் நமக்கு நன்மையில்லையா என்று சிலர் வினவலாம். நன்மை மிகுதியும் உண்டு. பனியன் கம்பெனி முதலாளிகளில் பலர் கொங்குநாட்டு விவசாயக் குடும்பத்தினரே; மழை பொய்த்த வருஷங்களில் கிராமத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அக்கூலியே ஆதாரம். ஆதலின் தொழிலைப் பகைப்பது நம் நோக்கமன்று. அதன் கஷ்டமும் நம்மை வந்தடையும். 2025-ஆம் வருஷம் ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீது 50 சதவிகித வரி விதித்தது. அதே மாதத்தில் நூல், ஆடைத் தொழிலுக்கு உதவியாக அந்நியப் பஞ்சின்மீது இருந்த 11 சதவிகித இறக்குமதி வரி நிறுத்தப்பட்டு, அச்சலுகை டிசம்பர் இறுதிவரை நீடிக்கப்பெற்றது. தொழிலுக்குச் சலுகை தரும்போது பருத்தி விவசாயியின் விலையையும் உடன்வைத்து எண்ணிப் பார்ப்பதே சரியான அளவை.

செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, பருத்தி பயிரிடுவோர் இழை நீளமும் சுத்தமும் பார்த்து வகை பிரித்து, ஈரமும் சருகும் கலவாமல், மூலனூர், அவினாசி போன்ற ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் ஏலத்தில் விற்க வேண்டும். நம் படியில் மதிப்பைக் கூட்ட நம் கையிலுள்ள வழி அதுவே. இரண்டாவது, ஆற்றோரக் கிராமத்தார் கோடையிலும் மழைக்குப் பின்பும் கிணற்றுநீரைப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பி, உப்பளவைத் தேதியோடு குறித்து வைக்க வேண்டும். மூன்றாவது, கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கலில் பயிர் குன்றிய நிலத்தையும் தரிசான நிலத்தையும் உள்ளது உள்ளபடி பதிவு செய்ய வேண்டும். நஷ்டஈடு கோரும் நாளில் பேசுவது அக்காகிதமே.

துறைமுகத்தில் எழுதும் கணக்கு சரக்கின் விலையை மாத்திரம் சொல்லும். அதற்கு நாம் கொடுத்த விலை இன்னதென்பதைக் கிராமத்துக் கணக்கே சொல்ல வேண்டும். அதை எழுதும் பொறுப்பு நம்முடையது.