சாவியை எங்கே வைப்பது?

கந்தளாயிலிருந்து மாணவர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கின்றார். தமையனாரின் நெல் ஆலைக்குக் கணக்குச் செயலி ஒன்றை ஆக்கி, அமேசான் நிறுவனத்தின் முகிற் கணினியொன்றில் ஓடவிட்டிருக்கின்றாராம். பற்றுச்சீட்டுகளுக்கு மின்கையொப்பம் இடும் சாவிக் கோப்பை எங்கே வைப்பது என்பதே அவர் வினா. கடவுச்சொல்லாயின் வெறும் எழுத்துகள். இதுவோ திறந்தால் எவருக்கும் விளங்காத இருமத் தரவு. ஆகவே நிரலோடு சேர்த்தே வைத்துவிடலாமா என்கின்றார்.

ஆகாது. 2016இல் ஊபர் நிறுவனத்தாரின் நிரற் சேமிப்பகத்திற் கிடந்த திறவுகோலைக் கண்டெடுத்த கள்வர், அதனைக் கொண்டே 5 கோடி 70 இலட்சம் பேரின் விவரங்களை அள்ளிச் சென்றனர். நமக்கு விளங்காத கோப்பு கள்வனுடைய கணினிக்கு நன்றாக விளங்கும்.

இத்தகையவற்றுக்கென்றே அமேசான் நிறுவனத்தார் 2018இல் ‘சீக்ரெட்ஸ் மேனேஜர்’ என்னும் இரகசியக் காப்பகத்தைத் தொடங்கினர். எழுத்துக்கு ஓர் அறையும் இருமத் தரவுக்கு ஓர் அறையும் அதில் உள. இரண்டாவது அறையை உலாவித் திரையில் திறத்தல் இயலாது. நிரலோ கட்டளையோதான் வேண்டும். பைத்தனில் எழுதுவோர் கோப்பை எழுத்தாக வாசியாது பைட்டுகளாகவே வாசித்து நூலகத்திடம் ஒப்படைத்தல் வேண்டும். வழிப்பயணத்துக்காக மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக்கும் ‘பேஸ்64’ மாற்றத்தை நூலகமே செய்துகொள்ளும். தாமும் ஒருமுறை செய்துவிட்டு, மீட்டெடுத்த சாவி பொருந்தவில்லையே என்று இரவெல்லாம் விழித்திருப்போர் பலர். அம்மாற்றம் வேடமேயன்றிப் பூட்டன்று என்பதையும் மாணவர் குறித்துக்கொள்க. ஓர் இரகசியம் 65,536 பைட்டுக்கு மேற்படலாகாது. பெரிய கோப்பாயின் அதனைப் பூட்டி வேறிடத்தில் வைத்து, பூட்டிய சாவியை மட்டும் இங்கே இடுக.

உள்ளே நிகழ்வது பெட்டிக்குள் பெட்டி. தரவைப் பூட்டும் 256 பிட்டுச் சாவியை இன்னொரு சாவி பூட்டுகின்றது. அது தன் காப்பிடத்தை விட்டு வெளிவருவதேயில்லை. அப்படியாயின் பெட்டியைத் திறக்கும் உரிமையை எங்கே ஒளிப்பது? ஒளிக்க வேண்டியதில்லை. முகிற் கணினிக்கு ஒரு பதவி அளிக்கப்படுகின்றது. சில மணி நேரத்திற் காலாவதியாகும் அனுமதிச் சீட்டைப் பெற்று அது வாயிலில் நிற்கின்றது. நிரலில் எஞ்சுவது இரகசியத்தின் பெயர் மட்டுமே.

ஒளித்தலைவிட மீட்டலே அரிது. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த காலத்தில் அடியார் புதைத்த செப்புத் திருமேனிகள், 1950இல் திருகோணமலையில் கிணறு தோண்டுகையிலேதான் வெளிப்பட்டன. இடம் அறிந்தோர் மறைந்தபின், முந்நூறு ஆண்டுகள் மண்ணே காவல். அண்மைக் கதையோ இதனினும் கசப்பானது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரச முகிலைத் தாக்கியோர் காப்புப் பிரதிகளையும் சேர்த்தே பூட்டிவிட்டனர். மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளவில்லை. இரகசியத்தை அழிக்கக் கட்டளையிட்டாலும் அமேசான் காப்பகம் 7 முதல் 30 நாள் வரை பொறுத்திருக்கும் என்பது ஆறுதலே. எனினும் சாவிக் கோப்பின் பிரதியொன்றைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டி, வலையோடு இணையாத ஒரு பென்டிரைவில், தமையனார் அறிய, ஆலையின் இரும்புப் பெட்டியில் வைக்குமாறு சொல்வோம்.

கட்டணமும் கேட்டிருந்தார். இதனை எழுதும்போது ஓர் இரகசியத்துக்கு மாதம் 40 அமெரிக்கச் சதம்; பத்தாயிரம் அழைப்புக்கு 5 சதம். ஆயினும் ஒவ்வொரு பற்றுச்சீட்டுக்கும் காப்பகத்தைத் தட்ட வேண்டியதில்லை. செயலி தொடங்கும்போது ஒருமுறை பெற்று நினைவகத்தில் வைத்திருத்தல் போதும். வட்டில் மட்டும் எழுதிவிடலாகாது.