சொல்லும் கையும்

பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளை அடுத்து எதைப் பயில்வது என்ற ஆராய்ச்சி நம் இல்லங்களில் நிகழும்போது, இரண்டு படிப்புகளின் பெயர்கள் இப்பொழுது அடிக்கடி காதில் விழுகின்றன. ஒன்று தகவல் தொடர்பியல். மற்றொன்று பயனர் அனுபவ வடிவமைப்பு. முன்னதை வெறும் பேச்சுப் படிப்பு என்றும், பின்னதைக் கணினித் திரைக்கு வண்ணம் தீட்டும் வேலை என்றும் பெற்றோர் பலர் எண்ணிவிடுகின்றனர். இரண்டு எண்ணமும் பிழையே. இவ்விரண்டும் ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்யும் கல்விகள் என்பதை இம்மாதம் சிறிது ஆராய்வோம்.

ஒருவர் கூறியது மற்றவர் உள்ளத்தில் எப்பொருளாகச் சென்று சேர்கிறது, இடையில் எது அதைத் திரிக்கிறது என்று வினவுவது தகவல் தொடர்பியல். ஒரு பொருளைப் பயன்படுத்துவோரின் கண் எங்கே செல்கிறது, கை எங்கே தடுமாறுகிறது என்று வினவுவது பயனர் அனுபவ வடிவமைப்பு. இப்பெயர் 1990களில் வழக்கிற்கு வந்தது. பணியோ அதனினும் பழையது. அதற்கு நம் நாட்டுத் தேர்தலைக் காட்டிலும் சிறந்த சான்று வேறு வேண்டுவதில்லை.

1951-52ஆம் ஆண்டுகளில் நடந்த முதற் பொதுத் தேர்தலில் வாக்குரிமை பெற்றோர் ஏறத்தாழ 17 கோடிப் பேர். அவருள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஆதலின் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் காலத்தில் கட்சிகளுக்குச் சின்னங்கள் வழங்கப்பட்டன. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி. பெட்டியின்மீது அவருடைய சின்னம். சீட்டில் எதுவும் எழுத வேண்டியதில்லை. விரும்பிய பெட்டியில் இட்டால் போதும். கண்ணுக்குச் சின்னம், கைக்குப் பெட்டி என இரு தேவையும் ஒருங்கே நிறைவேறின.

ஆயினும் அதே தேர்தலில் ஒரு பெருங்குறை நேர்ந்தது. பட்டியல் எழுத வந்தோரிடம் பெண்கள் பலர் தம் பெயரைக் கூறாது, 'இன்னார் மனைவி', 'இன்னார் தாய்' என்றே கூறினர். அயலாரிடம் தம் பெயரைச் சொல்லுதல் அவர்தம் வழக்கமன்று. அங்ஙனம் பதிவான சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலினின்று நீக்கப்பட்டன. படிவத்தில் பெயருக்குரிய இடம் இருந்தது, எழுதுகோலும் இருந்தது. ஆனால் வினா விடுத்தவரும் விடையளித்தவரும் ஒரே பொருளில் பேசவில்லை. உரையாடலில் நேர்ந்த இப்பிழையை, படிவத்தை எத்துணை அழகாக அச்சிடினும் தீர்த்தல் இயலாது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்தது. புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் வட்டாரத்தில் முதியோர் மிகுதி. அவர்கள் எளிதிற் படிக்கட்டும் என்ற நன்னோக்கத்துடன் எழுத்துகளைப் பெரிதாக்கினர். பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்காமல் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்தன. குத்த வேண்டிய துளைகள் நடுவில் ஒரே வரிசையாக நின்றன. இடப்பக்கத்தில் புஷ் முதலாவது, கோர் இரண்டாவது. ஆனால் இரண்டாம் துளை வலப்பக்கத்து முதற்பெயரான புக்கானனுக்கு உரியது. கோருக்கு உரியது மூன்றாம் துளை! எழுத்து தெளிவாயிருந்தும் கை வழி தவறிற்று. ஒன்றுக்கு மேற்பட்ட துளையிட்டமையால் அவ்வட்டாரத்தில் 19,000க்கு மேற்பட்ட சீட்டுகள் செல்லாதனவாயின. மாநிலத்தின் வெற்றியோ 537 வாக்குகளில் முடிந்தது. குடியரசுத் தலைவர் யார் என்பதை அதுவே முடிவு செய்தது.

முதல் நிகழ்ச்சியில் தவறியது சொல். இரண்டாவதில் தவறியது கை. இரண்டிலும் இழப்பு மக்களின் உரிமைக்கே அன்றோ?

இன்றைய வாக்குப்பதிவுப் பொறியை நோக்குவோம். 1982இல் கேரளத்துப் பரவூரில் முதன்முதல் பயன்பட்டு, 2004இல் மக்களவைத் தொகுதிகள் அனைத்திற்கும் பரவிய பொறி அது. பெயர், சின்னம், அவற்றின் பக்கத்தில் ஒரு நீலப் பொத்தான். அழுத்தியதும் சிவப்பு விளக்கு ஒளிர்கிறது. நீண்ட ஒலியொன்று கேட்கிறது. பார்வையற்றோர்க்குப் பிரெய்ல் எண்கள் உள்ளன. ஒரே பெயருடைய வேட்பாளரால் குழப்பம் நேராதிருக்க 2015 முதல் ஒளிப்படமும் சேர்க்கப்பட்டது. வாக்கு உரியவர்க்கே சென்றதைக் காட்டும் சீட்டு ஏழு விநாடிகள் கண்ணாடி வழியே தெரிந்தபின் பெட்டியில் விழுகிறது. விளக்கும் ஒலியும் சீட்டும், 'நீர் கூறியது எமக்குக் கேட்டது' என்று பொறி அளிக்கும் விடைகள் எனலாம். வேற்று மொழி வழங்கும் ஊரில் வாக்களிக்கும் நம் முதியோர்க்கு, பெயரின் எழுத்து விளங்காவிடினும் சின்னம் விளங்கிவிடுகிறது.

இப்பொறியின் உருவாக்கத்தில், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராயிருந்த எஸ். ரங்கராஜன் பங்கு கொண்டார். அவரே நாமெல்லாம் படித்து மகிழ்ந்த எழுத்தாளர் சுஜாதா. எளிய தமிழில் அறிவியலை விளக்கியவரும், எளியோர் கைக்கான பொறியில் உழைத்தவரும் ஒருவரே என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆதலின், தகவல் தொடர்பியல் பயிலும் பிள்ளை, தான் எழுதும் அறிவிப்பைக் கையில் ஏந்துபவரைப் போய்ப் பார்க்கட்டும். வடிவமைப்புப் பயிலும் பிள்ளை, பயன்படுத்துவோரின் மொழியையும் வழக்கத்தையும் அறியட்டும். நம் சங்கமும் இதிலிருந்து கற்க வேண்டியது ஒன்றுண்டு. அடுத்த முறை உறுப்பினர் படிவம் அச்சிடுவதற்கு முன், அதனை நம் இல்லத்துப் பாட்டி ஒருவரிடம் கொடுத்து, துணை செய்யாமல் அருகில் அமர்ந்திருப்போம். அவர் கை எங்கே நிற்கிறது என்று முதலில் பார்ப்போம். என்ன விளங்கிற்று என்று பின்னர் வினவுவோம். பார்த்தல் ஒரு கல்வி. வினவுதல் மற்றொரு கல்வி. இரண்டையும் செய்த பின்னரே படிவம் அச்சகத்திற்குச் செல்லட்டும்.