சர்க்கரை வியாதியும் லேகியப் புரட்டும்

சர்க்கரை வியாதி கண்டவர்களில் பலருக்கு வருஷம் செல்லச் செல்லத் தொடையும் கெண்டைக்காலும் வற்றி, படி ஏறவும் மூட்டை தூக்கவும் சக்தியில்லாமல் போகின்றது. கூலி வேலை செய்து பிழைக்கிறவனுக்கு இது பாதி மரணமாகும். இவனைக் குறிவைத்துத்தான், சர்க்கரையும் நரம்புத் தளர்ச்சியும் ஒரே மண்டலத்தில் பறந்துபோகும் என்று லேகியக்காரரும், பூர்வ ஜென்ம பாவம், தாயத்துக் கட்டு என்று மந்திரக்காரரும் புறப்பட்டிருக்கின்றார்கள்.

இவர்களை நாம் கேட்பது ஒன்றேயாகும். சதை ஏன் வற்றுகின்றது? சொல்லட்டுமே! முன் ஜென்மத்துப் பாவம் தொடைச் சதையை மாத்திரம் தேடிப்பிடித்துத் தின்னுமா? உண்டபின் ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது சதைதான். இரண்டாம் வகை வியாதியில் அந்தச் சதை இன்சுலினுக்குச் சரியாய்க் கீழ்ப்படிவதில்லை. சர்க்கரை ரத்தத்தில் தேங்குகின்றது. சதை நாளடைவில் கரைகின்றது. சதை குறையக் குறையச் சர்க்கரை இன்னும் ஏறுகின்றது. நரம்பும் கெட்டால் பலவீனம் இரட்டிப்பாகும். இதில் சனி எங்கே வந்தான்?

டாக்டர் மருந்து என்பதற்காக அதற்குத் தேங்காய் உடைக்கவும் நாம் சொல்லவில்லை. இவ்வியாதியின் சதைப் பலவீனத்திற்கென்றே அங்கீகாரம் பெற்ற மருந்து இன்றுவரை ஒன்றுமில்லை. பிமாக்ருமாப் என்னும் மருந்தை இவ்வியாதிக்காரருக்கு 48 வாரம் ஏற்றிப் பார்த்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். கொழுப்பு நூற்றுக்கு 20 பங்கு குறைந்தது. கொழுப்பல்லாத எடை 3.6 பங்கு கூடிற்று. ஆனால் சதை வற்றிய முதியோருக்கு அதையே கொடுத்துச் செய்து 2020-ல் வெளியிட்ட சோதனையில், சதை கூடியும் நடையிலும் எழுந்து நிற்பதிலும் மருந்தில்லாத திரவம் பெற்றவர்களைவிட மேலான பலன் காணவில்லை. இரு சாராருக்கும் தேகப்பயிற்சியும் ஊட்டமும் கொடுத்திருந்தார்கள். பலிக்காததையும் அச்சிட்டுச் சொன்னார்களே, எந்த லேகியக்காரராவது அப்படிச் சொன்னதுண்டா?

இன்று பலன் தெரிந்த வழி, சர்க்கரையை மருந்தால் கட்டுக்குள் வைத்து, வாரம் 2, 3 நாள் எடை தூக்கியும் உட்கார்ந்தெழுந்தும் பழகி, பருப்பு, முட்டை, மீன் உண்பதுதான். சிறுநீரகம் கெட்டவர் டாக்டரைக் கேட்டே உண்ண வேண்டும். மெட்பார்மின் பல வருஷமாய்ச் சாப்பிடுகிறவர் பி12 வைட்டமினையும் சோதித்துக்கொள்ள வேண்டும். (பெண்களை இரண்டு குடம் சுமக்க விடுகிறவர்களுக்கு, அவர்கள் பயிற்சிக்கு எடை தூக்கினால் மாத்திரம் லட்சணம் கெட்டுவிடுகிறதாம்!)

சர்க்கரை வியாதியைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்துச் சட்டமே தடுத்திருக்கின்றது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றையும் அச்சட்டம் பேர் சொல்லியே சேர்த்திருக்கின்றது. அப்படியிருந்தும் காசை வாங்கிக்கொண்டு இவ்விளம்பரங்களைப் போடும் பத்திரிகைக்காரர்கள், அந்த லேகியத்தைத் தங்கள் வீட்டு நோயாளிக்குக் கொடுப்பார்களா?