கிணற்றடியில் வைத்து வாசிப்போம்

தோழர்களே,

பைபிள் நம்ம சனங்களுக்குப் புதுசு இல்லை. 1715-லேயே தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. முந்நூறு வருசத்துக்கு மேல் ஆச்சு. சேரியில் கூரை ஒழுகும் வீட்டில்கூட அதை மட்டும் நனையாமல் மஞ்சப்பையில் சுத்தி வச்சிருப்பாங்க. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான் அந்தப் பை அவிழ்கிறது. திங்கட்கிழமை களைவெட்டுக்குப் போகிறவளோடு அந்தப் புத்தகம் ஏன் போவதில்லை? அதைத்தான் இந்த இதழில் பேச நினைக்கிறேன்.

பிரசங்கம் வசனத்தை எடுத்த எடுப்பிலேயே பரலோகத்துக்கு ஏத்திவிடுகிறது. கூலி என்றால் கூலி இல்லையாம், கிருபையாம். தண்ணி என்றால் தண்ணி இல்லையாம், ஆவியாம். இப்படிச் சொல்லித் தருகிற போதகரை இன்னும் 'ஐயர்' என்றுதான் கூப்பிடுகிறோம், அது தனிக் கதை.

யோவான் நாலாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சமாரியப் பெண். உச்சி வெயில், கிணற்றடி. இயேசுவிடம் மொள்ளுவதற்குப் பாத்திரமில்லை. குடிக்கத் தண்ணி கேட்கிறார். அப்படியென்றால் அவளுடைய பாத்திரத்தில்தானே குடிக்கணும்? அவள் ஆடிப்போய்க் கேட்பதும் அதைத்தான். யூதருக்கும் சமாரியருக்கும் 'சம்பந்தம்' கிடையாது என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. கொண்டான் கொடுத்தான் விவகாரம் போலத் தோன்றும். அங்கே உள்ள கிரேக்கச் சொல்லுக்குச் 'சேர்ந்து புழங்குவது' என்றும் பொருள் உண்டு. அவர்கள் புழங்கிய பாத்திரத்தை இவர்கள் தொடமாட்டார்கள் என்று அறிஞர்கள் சிலர் அர்த்தம் எடுக்கிறார்கள். டீக்கடையில் தனிக் குவளையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யார் விளக்கணும்?

எங்கள் தெருவில் வேலை முடிஞ்சு வந்த பெண்களோடு உட்கார்ந்து இதை வாசித்தோம். ஐந்து புருசன் கதை வந்ததும் பிரசங்கத்தில் அவளை நடத்தை கெட்டவளாக்கிவிடுவார்கள். ஒரு பாட்டி கேட்டாள்: "அஞ்சு பேரும் செத்தானுவளோ, வுட்டுட்டு ஓடுனானுவளோ, அத யாருப்பா கேட்டா?" புரட்டிப் பார்த்தோம். அந்த அதிகாரம் முழுக்க இயேசு அவளைப் பாவி என்று சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அந்தப் பட்டம் பிரசங்க மேடையில் கட்டியது. அன்றைக்கு அதற்குமேல் வாசிப்பு நகரவில்லை. பேச்சு தண்ணிக்குப் போய்விட்டது. யார் குழாயில் யார் குடம், வேங்கைவயலில் 2022 டிசம்பரில் நம்ம சனங்க குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தது, எல்லாம் வந்தது. வாசிப்பு தடம் மாறிவிட்டது என்று யாராவது சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

திராட்சைத் தோட்டக் கூலி கதையும் (மத்தேயு 20) இப்படித்தான். சாயங்காலம் வரைக்கும் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். கடைசி வரை கூப்பிடாமல் விடுவது யாரை? வயசானவனை, நோயாளியை, கைப்பிள்ளைக்காரியை. அவர்களுக்கும் முழு நாள் கூலி, அதுவும் முதலில். ஒரே வயலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி வாங்குகிற ஊரில் இதைக் கிருபை என்று மட்டும் சொல்லி முடித்தால் பண்ணையாருக்குத்தான் நிம்மதி.

சபைக்காரர்களும் இந்தப் புத்தகத்துக்குப் பயந்தவர்கள்தான். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று எழுதினார். திருவிருந்தில் யார் முந்தி, யார் பிந்தி என்பது அன்றைக்குப் பெரிய வழக்கு. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டார்களே தவிர சாதியை விடவில்லை. அவர்கள் கையிலும் இதே பைபிள்தான் இருந்தது.

அதனால் வாசித்தால் போதும், விடுதலை தானாக வரும் என்று நான் சொல்ல மாட்டேன். அடிமைகளே எஜமானுக்குக் கீழ்ப்படியுங்கள் என்கிற பக்கங்களும் உள்ளேதான் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிப் போகாமல் நின்று சண்டை போடணும். அதற்கு முன்மாதிரி மாற்கு ஏழில் இருக்கிறாள். பிள்ளைக்காக வந்து நின்ற அந்நிய சாதிக்காரி. பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குப் போடலாமா என்று இயேசுவே கேட்டுவிடுகிறார். அந்த வார்த்தை நம் காதுக்குப் பழக்கமானது. அவள் அழுதுகொண்டு திரும்பிப் போகவில்லை. பதிலுக்குப் பதில் பேசினாள். அந்தப் பேச்சுக்காகவே மகள் பிழைத்தாள் என்று மாற்கு எழுதி வைத்திருக்கிறான்.

பாமா 1992-ல் 'கருக்கு' என்று பெயர் வைத்தபோது பனங்கருக்கையும் எபிரேயர் நிருபத்தின் பட்டயத்தையும் ஒரே சொல்லில் பிடித்தார். பனங்காட்டில் பைபிளை வாசிப்பது அதுதான்.

செய்ய வேண்டியது பெரிசில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும். யாரும் பிரசங்கம் பண்ண வேண்டாம். இந்தக் கதையில் வேலை செய்கிறது யார், உட்கார்ந்து சாப்பிடுகிறது யார், பேசவிடாமல் இருக்கிறது யார் என்று மட்டும் கேளுங்கள். சாமியார் வந்தாலும் பாயில்தான் இடம்.

அடுத்த மாதம் எங்கள் தெருவில் பிலேமோன் நிருபம். இருபத்தைந்து வசனந்தான். அடிமை ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பிப் பவுல் அவன் எஜமானுக்கு எழுதியது. ஒநேசிமு சொன்ன ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. அவன் பக்கத்துக் கடிதத்தை நீங்கள் எழுதி அனுப்புங்கள், பேச்சுத் தமிழிலேயே. இதழில் போடுகிறோம்.

தோழமையுடன்,
ஆசிரியர்