கடனில் எழும்பிய நகரம்

சிரிக்க வைக்கத் தெரிந்த இயக்குநர்கள் பலர். எங்கே சிரிப்பது என்பதைப் பார்ப்பவரிடமே விட்டவர் ழாக் தத்தி. 1907இல் பாரிஸுக்கு அருகே பிறந்து, விளையாட்டு வீரர்களைப் பேச்சின்றி நடித்துக்காட்டி மேடையில் பெயரெடுத்தவர். 1949 முதல் 1974 வரை அவர் எடுத்த முழுநீளப் படங்கள் ஆறே ஆறு. வாயில் பைப்பும் முன்னே சாய்ந்த நடையுமாக வரும் உலோ என்ற பாத்திரம் அவரை உலகறியச் செய்தது. 1958இல் வந்த ‘மோன் ஓங்கிள்’ ஆஸ்கரும் வென்றது. அந்த உலோவை வைத்தே காலம் தள்ளியிருக்கலாம். அவரோ பாரிஸின் புறத்தே சாலைகளும் கண்ணாடிக் கட்டடங்களுமாக ஒரு நகரத்தையே அரங்கமாக எழுப்பி, 70 மி.மீ. படச்சுருளில் ‘பிளேடைம்’ (1967) எடுத்தார். அதில் நாயகன் என்று யாரும் இல்லை. உலோவும் கூட்டத்தில் ஒருவர். குளோஸ்-அப்பை நம்பாத படம் அது. திரையின் ஏதோவொரு மூலையில் வேடிக்கை நடந்துகொண்டே இருக்கும். கண்டுபிடிப்பது நம் பொறுப்பு. வசூலில் படம் விழுந்தது. அதற்காக வாங்கிய கடன் தத்தியைத் திவாலாக்கியது. தம் படங்களின் உரிமையே அவர் கையைவிட்டுப் போனது. இதை வீண் பிடிவாதம் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரசிகனின் கண்ணை நம்பி, அதற்கான விலையையும் கொடுத்த கலைஞர் அவர். இசையால் ‘இங்கே சிரி’ என்று சொல்லும் நகைச்சுவைக்குப் பழகிவிட்ட நமக்கு அந்த மரியாதை புதிது. ‘பிளேடைம்’ படத்தைக் கைப்பேசியில் பார்த்துவிடாதீர்கள். கிடைக்கிற பெரிய திரையில் பாருங்கள்.