ஒரு நாள் ஊதியம் 22 லட்சம்!

தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கழக்கூட்டத்தில் டெக்னோபார்க். கார்ப்பரேட் தலைமை நிர்வாகிகளின் கொழுத்த வருமானத்தைத் “திறமைக்கான விலை” என்று முதலாளித்துவ ஊடகங்கள் நியாயப்படுத்துகின்றன. அந்த வாதத்தை உரசிப் பார்க்கத் திருவனந்தபுரத்தை விடப் பொருத்தமான நகரம் இல்லை.

டெக்னோபார்க்கில் பெரும் வளாகம் நடத்தும் இன்ஃபோசிஸின் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக் 2024-25 நிதியாண்டில் பெற்றது 80.62 கோடி ரூபாய். முந்தைய ஆண்டு 66.25 கோடி. ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்து வகுத்தால் நாளொன்றுக்கு 22 லட்சம்.

இஸ்ரோ தலைவர் வி.நாராயணன் குமரி மாவட்டத்துக்காரர். திருவனந்தபுரம் வலியமலையில் உள்ள திரவ உந்துவிசை மையத்தின் இயக்குநராக இருந்தவர். ஒன்றிய அரசின் செயலாளர் நிலையிலான அவரது பதவிக்கு அடிப்படை ஊதியம் மாதம் 2,25,000 ரூபாய். ஆண்டுக்கு 27 லட்சம். அகவிலைப்படியைச் சேர்த்தாலும் பரேக்கின் இரண்டு நாள் வருமானத்தைத் தொடாது. ராக்கெட் ஏவுபவரை விட, மென்பொருள் ஒப்பந்தம் பிடிப்பவர் ஏறத்தாழ இருநூறு மடங்கு திறமைசாலியா?

உண்மையில் அது ஊதியமே அல்ல. அந்த 80.62 கோடியில் அடிப்படைச் சம்பளம் 7.45 கோடிதான், சுமார் 49.5 கோடி பங்குகளின் வழியே வந்தது. பங்குகளைக் கொடுத்து, நிர்வாகியைப் பங்குதாரர்களின் கூட்டாளியாக்குகிறார்கள். பங்கு விலை ஏறினால் அவரது பையும் நிறையும். ஊதியச் செலவைச் சுருக்குவதும் ஆட்களைக் குறைப்பதும் அதற்கான சுருக்கு வழிகள். இத்துறையில் புதிதாகச் சேரும் பெரும்பாலான பொறியாளர்களின் ஆண்டு ஊதியம் பத்தாண்டுகளுக்கும் மேலாக மூன்றரை லட்சத்தை ஒட்டியே கிடக்கிறது. பரேக்குக்கு அது நான்கு மணி நேர வருமானம். உறங்கும் நேரமும் அதில் அடக்கம்.

நெல்லை, குமரி மாவட்ட இளைஞர்கள் பலர் டிசிஎஸ் பயிற்சிக்காக வந்து இறங்கிய ஊரும் இதுதான். அந்த நிறுவனம் 2025 ஜூலையில் 12,000க்கும் மேற்பட்டோரை வெளியேற்றப் போவதாக அறிவித்தது. நஷ்டமா? 2024-25இல் அதன் நிகர லாபம் 48,000 கோடிக்கும் அதிகம். பங்குக்கு 126 ரூபாய் ஈவுத்தொகை. ஏறத்தாழ 72 சதவீதப் பங்குகளை வைத்துள்ள டாடா சன்ஸுக்கு மட்டும் 32,000 கோடிக்கு மேல் போனது.

இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உபதேசித்தார் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி. அவரது மகளும் பிரிட்டன் முன்னாள் பிரதமர் ரிஷி சுனக்கின் மனைவியுமான அக்ஷதா மூர்த்தியிடம் சுமார் 3.89 கோடி இன்ஃபோசிஸ் பங்குகள் உள்ளன. பங்குக்கு 43 ரூபாய் வீதம் 2024-25க்கான ஈவுத்தொகை சுமார் 167 கோடி. அதற்கு எத்தனை மணி நேர உழைப்பு என்று யாரும் கேட்கவில்லை.

சட்டம் என்ன செய்கிறது? 2013 கம்பெனிகள் சட்டத்தின் 197வது பிரிவு, நிகர லாபத்தில் 5 சதவீதம் வரை ஒரு நிர்வாக இயக்குநருக்குத் தரலாம் என்கிறது. இன்ஃபோசிஸின் லாபத்தில் அது ஆயிரம் கோடியைத் தாண்டும். வரம்பை மீற ஒன்றிய அரசின் ஒப்புதல் தேவை என்ற விதியையும் மோடி அரசு 2018 செப்டம்பரில் நீக்கியது. இப்போது பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானமே போதும். பாலுக்குப் பூனை காவல். இயக்குநரின் ஊதியம் ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு என்று ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும், அவ்வளவுதான். வளாகத்தைத் துப்புரவு செய்யும், வாயிலில் காவல் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

டெக்னோபார்க் எந்த முதலாளியின் கொடையும் அல்ல. 1990இல் நாயனார் தலைமையிலான இடது ஜனநாயக முன்னணி அரசு, மக்கள் பணத்தில் தொடங்கிய நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அது. அங்கு விளையும் செல்வத்தின் பங்கீட்டைப் பங்குதாரர் கூட்டம் மட்டுமே தீர்மானிப்பதை ஏற்க முடியாது. உச்சவரம்பு லாபத்தின் சதவீதமாக அல்ல, ஒப்பந்தத் தொழிலாளி உட்பட நிறுவனத்தின் மிகக் குறைந்த ஊதியத்தின் மடங்காக நிர்ணயிக்கப்பட வேண்டும். இயக்குநர் குழுவில் ஊழியர்களின் பிரதிநிதிகள் அமர வேண்டும். கழக்கூட்டத்திலும் சோழிங்கநல்லூரிலும் ஐடி ஊழியர் சங்கங்கள் பணிநீக்க எதிர்ப்போடு இக்கோரிக்கைகளையும் இணைத்து முன்வைக்க வேண்டிய தருணம் இது.